நாரங்கம் என்னும் சொல்

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தபின் எஞ்சுகின்ற தோல், எறியப்படுவதற்கென்றே படைக்கப்பட்ட பொருள் என்று ஜெபகுமாரி தன் ஐம்பத்திரண்டாம் வயது வரையில் ஐயமின்றி நம்பியிருந்தாள். சிதறாலை அடுத்த சிற்றூர் ஒன்றில் இயங்கிய அவளுடைய சபையின் பெண்கள் சங்கம், கோடை தொடங்கியதும் எலுமிச்சைச் சர்பத் தயாரித்துக் குழித்துறைக் கடைகளுக்கு அனுப்புவது வழக்கம். நாளொன்றுக்கு எண்ணூறு பழங்கள் பிழியப்படும். தோல்கள் சங்கக் கட்டடத்தின் பின்னாலுள்ள தென்னை மூட்டில் கொட்டப்படும். அப்பகுதியினர் எலுமிச்சையை எலுமிச்சை என்று அழைப்பதில்லை, நாரங்கா என்பர். தோலைத் தொலி என்பர். ஆகவே நாரங்காத் தொலி என்றாலே எதற்கும் உதவாதது என்பது அவ்வூர் வழக்கு. உதவாத மாப்பிள்ளைகளையும் பெண்கள் அவ்வாறே குறிப்பிடுவதுண்டு.

அந்நிலையில்தான் நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்று வெளியிட்ட எட்டுப் பக்கச் சிறுநூல் சங்கத்திற்கு வந்து சேர்ந்தது. ‘பழத்தோலின் மருத்துவப் பண்புகள்’ என்பது அதன் தலைப்பு. சங்கச் செயலாளர் சபிதா அதை ஜெபகுமாரியிடம் நீட்டினாள்.

“ஜெபக்கா, ஒங்களுக்குத்தான் கைப்பக்குவம் உண்டு. இத ஒண்ணு வாசிச்சுப் பாருங்க. நாம தென்ன மூட்டுல தட்டுததெல்லாம் மருந்தாக்கும்.”

“போடி. தொலியில என்ன மருந்து?”

“அச்சடிச்சில்லா விட்டிருக்கான். சும்மா அடிப்பானா?”

ஜெபகுமாரி அன்று மாலையே அதை முற்றும் படித்தாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆயினும் வேதாகமத்தை நான்கு முறை தொடக்கம் முதல் இறுதி வரை வாசித்தவளாதலால் அச்சுத்தமிழ் அவளுக்கு அச்சமூட்டவில்லை. சிறுநூலின் மூன்றாம் பக்கம் இவ்வாறு கூறியது: ‘சாறு பிழிந்தபின் எறியப்படும் நாரங்கத் தோலை நிழலில் உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, நான்கு மடங்கு தேங்காயெண்ணெயில் ஏழு நாள் ஊறவைத்து வடித்தெடுத்த சாரம், படர்தாமரை, சேற்றுப்புண் ஆகியவற்றை உண்டாக்கும் பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது.’ அருகில் ஒரு நிழற்படமும் இருந்தது. கண்ணாடித் தட்டு முழுவதும் பூஞ்சை படர்ந்திருக்க, சாரம் துளித்த இடத்தைச் சுற்றி மட்டும் தெளிவானதொரு வளையம் வெறுமையாக நின்றது. அந்த வளையத்தை அவள் நெடுநேரம் பார்த்தாள். பேய் அண்டாமல் கோடு கிழித்தாற்போல் இருந்தது அது.

நாரங்கம் என்ற சொல் அவளைச் சற்றே நிறுத்தியது உண்மை. ஆனால் பேச்சில் ‘புஸ்தகோ’ என்று தேய்கின்ற சொல் அச்சில் ‘புத்தகம்’ என்று நிமிர்ந்து நிற்பதில்லையா? நாரங்காவும் அவ்வாறே சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று அவள் முடிவு செய்தாள். இருந்தபோதிலும் மருந்து விஷயமாயிற்றே என்று, பின்னட்டையில் இருந்த எண்ணைக் கைப்பேசியில் அழைத்தாள். மறுமுனையில் முதிர்ந்த ஆண்குரல் ஒன்று பேசியது.

“சாறே, ஒங்க புக்கு பாத்தேன். இது நாரங்காத் தொலிதானே?”

“ஆமாம் அம்மா. நாரங்கந்தான்.”

“நாரங்கா. பிழிஞ்சுட்டு களையுத தொலி.”

“அதே தோல்தான். பிழிந்தபின் எறிகின்ற தோல்தான். ஐயம் எதற்கு? தெளிவாகத்தானே எழுதியிருக்கிறோம்.”

ஜெபகுமாரிக்கு மனம் நிறைந்தது. மறுநாளே இரண்டு கிலோ தோலை நிழலில் பரப்பினாள்.

அவளுடைய அவசரத்திற்குக் காரணம் ஒன்று இருந்தது. தங்கை பெமிலாவின் மகள் சுஜி, மார்த்தாண்டத்துத் தனியார் மருத்துவமனையில் செவிலியாக இருந்தாள். மஸ்கட்டில் வேலை உறுதியாகி, திருவனந்தபுரத்தில் உடற்தகுதிச் சோதனைக்குத் தேதியும் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னதாக அவளது கழுத்தின் வலப்புறத்தில் படர்தாமரை கிளம்பியது. பிறகு முன்கைகளிலும் காசளவில் இரண்டு வட்டங்கள்.

“சோதனைக்குப் போவும்போ கழுத்துல இது கெடந்தா தள்ளி வச்சிருவாங்க பெரியம்ம. ஆஸ்பத்திரிக் களிம்பு போட்டா போவுது, விட்டா திரும்ப வருது.”

“நான் ஒண்ணு செய்து தாறேன் மக்கா. கடலாசுல அச்சடிச்சுப் போட்டிருக்கு.”

ஊறவைத்த எட்டாம் நாள் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் எண்ணெய் வடிந்தது. சுஜிக்கு அப்போது இரவுப்பணி. மாலையில் தடவிக்கொண்டு வேலைக்குப் போவாள். பகலெல்லாம் கதவடைத்து உறங்குவாள். பத்து நாளில் கழுத்து வட்டத்தின் விளிம்பு மங்கத் தொடங்கியது. அரிப்பு அறவே நின்றது. “சாதனம் கொள்ளாம் அக்கா” என்று பெமிலா வியந்தாள். சபிதா ஐம்பது குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டலாமா என்று கணக்கிட்டாள். ஜெபகுமாரியின் நடையிலேயே ஒரு மாற்றம் ஏற்பட்டதாகச் சங்கப் பெண்கள் கேலி பேசினர்.

“டாக்டரம்ம வாறாங்க, வழி விடுங்கட்டி.”

“சிரிங்க, சிரிங்க. ஒங்களுக்கு சொறி வரும்போ எனக்க வாசலுக்குத்தான் வரணும்.”

குருத்தோலை ஞாயிறு வந்தது. புதன்கிழமை சோதனை என்பதால், அன்று ஆராதனைக்கு முன்பாகவும் ஒருமுறை தடவலாம் என்று ஜெபகுமாரியே சொன்னாள். பெமிலாவின் வீட்டு முன்னறையில் சுஜியை உட்காரவைத்து, கழுத்திலும் இரு முன்கைகளிலும் தன் கையாலேயே தாராளமாகத் தேய்த்துவிட்டாள். வழிந்த எண்ணெயைப் புறங்கழுத்து வரை பரப்பினாள். ஆராதனை முடிந்தபின் பவனி புறப்பட்டது. ஓலைகளை ஏந்தியவாறு சாலைச் சந்திப்பிலுள்ள சிலுவை வரை சென்று திரும்புவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பங்குனி வெயில் தார்ச்சாலையில் நின்று எரிந்தது. ஓசன்னா பாடிக்கொண்டு வந்த சுஜியின் கழுத்து, வியர்வையிலும் எண்ணெயிலும் மினுங்கியதை ஜெபகுமாரி பின்னால் நடந்தபடி பார்த்தாள். மினுக்கம் நல்ல அறிகுறி என்று எண்ணினாள்.

திங்களன்று தோல் சிவந்தது. செவ்வாயன்று கொப்புளம் கண்டது. எண்ணெய் எந்தெந்த வழியே வழிந்ததோ அந்தந்த வழியே கொதிநீர் ஊற்றியதுபோல் தடங்கள் எழும்பின. புறங்கழுத்தில் ஐந்து விரல்கள் தனித்தனியே தெரிந்தன. அவை ஜெபகுமாரியின் விரல்கள்.

மார்த்தாண்டத்துத் தோல் மருத்துவர் டைட்டஸ், கொப்புளங்களைப் பார்த்த மாத்திரத்தில், “எலுமிச்ச வல்லதும் தடவினியளா? தடவிட்டு வெயில்ல நிண்ணியளா?” என்று கேட்டார். எலுமிச்சைத் தோலில் உள்ள ஒருவகைப் பொருள் வெயில் பட்டதும் நஞ்சாக மாறித் தோலைச் சுடும் என்றும், கொப்புளம் ஆறிய பின்னும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும் என்றும் விளக்கினார். ஜெபகுமாரி கைப்பையிலிருந்து சிறுநூலை எடுத்துக் காட்டினாள்.

“இதுல உள்ளத பாத்துத்தான் டாக்டரே செய்தேன்.”

அவர் மூன்றாம் பக்கத்தை இருமுறை படித்தார். “நாரங்கம்னா என்ன? எனக்கே பிடி கிடைக்கல்லியே” என்று கைப்பேசியில் தேடினார். பின்னர் தலையை உயர்த்தாமலே சொன்னார்: “நாரங்கம்னா ஆரஞ்சாம். ஆரஞ்சுத் தொலின்னா இந்த அளவுக்குப் பொள்ளாதும்மா.”

புதன்கிழமைச் சோதனையில் சுஜியை நிறுத்திவைத்தனர். மூன்று வாரம் கழித்து மஸ்கட்டு இடம் வேறொருத்திக்குப் போயிற்று.

ஊர் தன் வேலையைத் தொடங்கியது. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஆசிட் இருந்த கேனில் எண்ணெயை ஊறவைத்துவிட்டாள் என்று ஒரு பேச்சு எழுந்தது. ஜெபகுமாரியின் வீட்டில் ரப்பர்ச் சீட்டு அடிக்கும் கொட்டகை இருந்தமையால் அப்பேச்சுக்குக் காலும் முளைத்தது. ஊரார் பேச்சை அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது பெமிலாவின் முகம். தாய் இறந்தபின் தலைவாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, மணமுடித்துக் கொடுத்த தங்கை அவள். அவளுடைய வீட்டுக்குப் போனபோது, வாசற்படியிலேயே நிறுத்திப் பேசினாள்.

“நீ வேணும்னு செய்யல்ல, எனக்குத் தெரியும். ஆனா புக்குல நாரங்கான்னு எங்க போட்டிருக்கு? நானும் வாசிச்சேன். ஒனக்க மனசுல தோணினத எனக்க பிள்ளைக்க மேல தேச்சுப் பாத்திருக்க.”

“இல்லடி. அவங்க எழுதினதுதான் தப்பு. நாரங்கம்னா ஆரஞ்சுன்னு நம்ம ஊருல ஆருக்குடி தெரியும்?”

“அப்பம் அத அவங்க சொல்லட்டு. தப்பு எங்களுக்குன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வா. அன்னைக்கு நான் ஒனக்க வீட்டுப் படி ஏறுவேன். அதுவரைக்கும் நீயும் இஞ்ச வராண்டாம்.”

ஒரு வரி. ஜெபகுமாரி கேட்டுவந்த தீர்ப்பு அவ்வளவுதான். தொலைபேசியில் தான் பேசியதை அன்று அவள் கூறவில்லை. எழுதியவர்களே ஒப்புக்கொண்டு எழுதித் தரப்போகும்போது, தன் வாயால் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்வானேன் என்று எண்ணினாள்.

மறுநாள் காலைப் பேருந்தில் நாகர்கோவில் சென்று, அங்கிருந்து கல்லூரியை அடைந்தாள். வெளியீட்டுப் பிரிவின் அறையில் இருவர் இருந்தனர். ஒருவர் பதிப்பாசிரியர் ஆறுமுகப்பெருமாள். நாஞ்சில் நாட்டு வயலூர் ஒன்றைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா. மற்றவள் ஹரிதா, தோல்சாரங்களை ஆராய்ந்து சிறுநூலை எழுதிய ஆய்வு மாணவி. ஜெபகுமாரி தன் கைப்பேசியில் இருந்த சுஜியின் கழுத்துப் படத்தை மேசைமேல் வைத்தாள். ஹரிதா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறுமுகப்பெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வருத்தமான செய்தி அம்மா. ஆனால் நூலில் பிழை இல்லையே. நாரங்கம் என்றால் ஆரஞ்சு. அகராதியைப் பாருங்கள்.”

“எங்க ஊருல நாரங்கான்னா எலுமிச்ச சாறே.”

“அது மலையாள வழக்கு.”

“மலையாளமோ என்னவோ. எங்க வாயில உள்ளது அதுதான். ஆரஞ்சுன்னு போட்டிருந்தா கொச்சுப் பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்குமே.”

இதைக் கேட்டதும் அவருடைய முகத்தில் ஓர் ஒளி தோன்றியது. வகுப்பறைக்குள் நுழைந்தவர்போல் நிமிர்ந்து அமர்ந்தார்.

“அங்கேதான் அம்மா இருக்கிறது செய்தி. ஆரஞ்சு என்பது நம்முடைய சொல்தான். நாரங்கம் என்று இங்கிருந்து கப்பலேறி, அரபு நாடு சென்று, ஐரோப்பா சென்று, தலை தேய்ந்து ஆரஞ்சு என்று திரும்பிவந்தது. இந்தப் பெண்ணும் ஆரஞ்சு என்றுதான் எழுதியிருந்தது. நான்தான் திருத்தினேன். இழந்த தலையை அந்தச் சொல்லுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.”

“சொல்லுக்குத் தலைய ஒட்டிக் குடுத்திட்டிய. எனக்க பிள்ளைக்க கழுத்துத் தொலிய ஆரு ஒட்டிக் குடுப்பா?”

ஜெபகுமாரி மேசைமேல் இருந்த கைப்பேசியைக் கையில் எடுத்தாள்.

“நான் ஒங்களுக்கு போன் செய்தேன் சாறே. நாரங்காத் தொலிதானான்னு ரெண்டு வட்டம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஆமான்னு சொன்னிய. எனக்குக் குரலு தெரியும். நீங்கதான்.”

“நாள்தோறும் பலர் அழைக்கிறார்கள். எனக்கு அப்படியொரு நினைவு இல்லை” என்றார் ஆறுமுகப்பெருமாள். சொல்லும்போது அவரது பார்வை ஹரிதாவிடம் சென்று மீண்டது. ஹரிதா மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொலைபேசியில் பேசிய அன்று இருவரும் தத்தம் சொல்லைச் சொன்னார்கள். தத்தம் சொல்லையே காதில் வாங்கினார்கள். ஜெபகுமாரிக்கு இப்போது அது விளங்கியது. அன்று அவர் பொய் சொல்லி ஏமாற்றவில்லை. இன்றுதான் பொய் சொல்கிறார்.

“ஒரு வரி எழுதித் தாருங்க. நாரங்கம்னு எழுதினதால வந்த தப்புன்னு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“தனியாகக் கடிதம் தருவது முறையன்று. இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகவிருக்கிறது. அதிலேயே விளக்கம் சேர்த்துவிடுகிறோம். கடிதம் ஒருவர் படிப்பது. நூல் ஊரே படிப்பது. அதுதானே உங்களுக்கு நல்லது?”

அது நல்லதாகத்தான் தோன்றியது.

பேருந்து நிறுத்தம் வரை ஹரிதா உடன் வந்தாள். நிழலில் நின்றதும் தணிந்த குரலில் சொன்னாள்: “அக்கா, நீங்க போன் பண்ணும்போ நான் அந்த ரூம்லதான் இருந்தேன். அவரு சொன்னது என் காதுல விழுந்துச்சு.”

“அப்பம் நீ ஏன் மக்கா வாய் தொறக்கல்ல?”

“என் ஆய்வேட்டுல இந்தப் புத்தகத்தையும் சேர்த்து வச்சிருக்கேன். அடுத்த மாசம் சமர்ப்பிக்கணும். அதுனால ஒரு பொண்ணுக்கு காயம்னு பேச்சு வந்தா, அஞ்சு வருஷம் போச்சுக்கா. ஆனா ரெண்டாம் பதிப்பு என் கைவழியாத்தான் போகும். நான் ஒழுங்கா எழுதுதேன். என்னை நம்புங்க.”

அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கியிருந்தன. கலங்கிய கண்களை நம்புவது ஜெபகுமாரியின் பழக்கம். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.

ஏழு வாரங்கள் சென்றன. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு சபிதா கல்லூரியிலிருந்து வந்த சிறுநூல் கட்டைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். அட்டையில் ‘திருத்திய இரண்டாம் பதிப்பு’ என்று இருந்தது. ஜெபகுமாரி கோவில் முற்றத்தில் நின்றபடியே மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். ‘நாரங்கத் தோல் (ஆரஞ்சுத் தோல்)’ என்று இருந்தது. அதன் கீழே தடித்த எழுத்தில், ‘எலுமிச்சைத் தோலைப் பயன்படுத்தலாகாது, தடவிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்துபோகும்’ என்று இருந்தது. ஏழு வாரமாக நெஞ்சில் கிடந்த கல்லொன்று உருண்டு விழுந்தது. மேற்கொண்டு ஒரு பக்கமும் புரட்டாமல், அன்று கோவிலுக்கு வராதிருந்த பெமிலாவின் வீட்டை நோக்கி நடந்தாள். ஓடினாள் என்று சொல்வதும் மிகையாகாது.

பெமிலா அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் முகம் இறுகியது. கையில் இருந்த நூலைக் கண்டதும் சற்று இளகியது.

“எழுதி வாங்கிட்டேண்டி. அச்சுல வந்திருக்கு. பாரு.”

பெமிலா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் எதையும் பாதியில் விடுபவள் அல்லள். மருந்துச்சீட்டைக்கூட அச்சகத்தின் பெயர் வரை படிப்பாள். மூன்றாம் பக்கத்தைப் படித்துத் தலையசைத்தாள். “செரிதான்” என்றாள். அக்காவை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பழைய பெமிலா ஒரு கணம் வந்துபோனாள். சுஜியும் கழுத்தை மூடிய சட்டையோடு அறையிலிருந்து வந்து நின்றாள். பெமிலா நாலு, ஐந்து, ஆறு என்று புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றாள். உதடுகள் முதலில் ஓசையின்றி அசைந்தன. பிறகு உரக்கவே படித்தாள்.

“‘விளக்கக் குறிப்பு. முதற்பதிப்பில் ஆளப்பட்ட சொல்லில் பிழை ஏதும் இல்லை. எனினும், சொல்லறிவு குன்றிய மேற்கு வட்டாரப் பெண் ஒருவர், தொலைபேசி வாயிலாக உரிய விளக்கம் பெற்ற பின்னரும், எலுமிச்சைத் தோலைத் தம் விருப்பம்போல் பயன்படுத்தி, ஓர் இளம்பெண்ணுக்கு ஊறு விளைவித்தார் என அறிந்து வருந்துகிறோம். ஹரிதா, தொகுப்பாசிரியர்.’”



“நீ போன் செய்தியா?” என்றாள் பெமிலா.

“செய்தேன். நாரங்காத் தொலியான்னு கேட்டேன். ஆமான்னு பறஞ்சாரு. சத்தியமா பறஞ்சாரு பெமிலா. அந்தப் பிள்ளயும் கேட்டிருக்கு. எங்கிட்ட அதுவே சொல்லிச்சு.”

“எந்தப் பிள்ள?”

“ஹரிதா.”

பெமிலா நூலைத் திருப்பி, அந்தப் பெயரின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். “இந்த ஹரிதாவா?”

ஜெபகுமாரி குனிந்து அந்தப் பெயரைப் படித்தாள்.

“போன் செய்த காரியத்த எங்கிட்ட நீ பறையவே இல்லியே அக்கா. ஏழு வாரமா ஒரு வட்டம்கூட பறயல்ல. அவங்க பறஞ்சு குடுத்தும் கேக்காம செய்திருக்க.”

“அவங்க பறஞ்சது அப்படி இல்லடி, நான் கேட்டது...”

“அச்சடிச்சில்லா இருக்கு.”

சுஜி தாயின் கையிலிருந்து நூலை வாங்கி அந்தக் குறிப்பைத் தானும் ஒருமுறை படித்தாள். “நாரங்கம்னா என்னன்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம் பெரியம்ம” என்றாள். குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்; இரவுப்பணிக்காரர்கள் பகலில் உறங்க வேண்டும்.

ஜெபகுமாரி நூலுக்காகக் கையை நீட்டினாள். பெமிலா கொடுக்கவில்லை. நான்காக மடித்து, அலமாரியில் சுஜியின் சான்றிதழ்கள் இருந்த உறைக்குள் செருகினாள்.

“இது இஞ்ச இருக்கட்டு. பிள்ளைக்கு நாளைக்கு கல்யாண ஆலோசன வரும்போ, கழுத்துல என்னன்னு ஆராவது கேட்டா, ஆரு செய்ததுன்னு காட்டணும்லா.”

ஒரு வரி எழுதி வாங்கி வரும்படி கேட்டவள் அவள். ஆறு வரிகளாக வாங்கி, தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தவள் ஜெபகுமாரி.

“மீனு கரியுது” என்று சொல்லிப் பெமிலா அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஜெபகுமாரி சற்று நேரம் நின்றாள். தங்கை மீனை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். எடுத்துத் தட்டில் வைத்தாள். அடுத்த ஈடு போட்டாள். முகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.